விண்டோஸ் வருவதற்கு முன் படம் காட்டுவது யார்?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். பேரனின் படிப்புக்காக ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து வாங்கினார். கிராபிக்ஸ் கார்டு மட்டும் பழையது. உறவினர் ஒருவர் கொடுத்தது. ஒரு நாள் காலையில் என் வீட்டுக்கு வந்து, “தம்பி, கம்ப்யூட்டரில் படமே வரவில்லை. சர்வீஸ் ஆளுக்கு போன் செய்தேன். கிராபிக்ஸ் கார்டு போயிருக்கும், புதிதாகப் போட ஒன்பதாயிரம் ஆகும் என்கிறார்” என்றார்.

“ஐயா, ஸ்விட்ச் போட்டதும் திரையில் எதுவுமே தெரியவில்லையா?” என்று கேட்டேன்.

“முதலில் கம்பெனி பெயர் பெரிதாகத் தெரிகிறது. அதற்குக் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன. அதற்குப் பிறகுதான் இருட்டாகிவிடுகிறது” என்றார்.

அவருடைய வீட்டுக்குப் போனோம். கம்ப்யூட்டரை சேஃப் மோடில் துவக்கினோம். படம் வந்தது. கிராபிக்ஸ் டிரைவரை நீக்கிவிட்டு, கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து மீண்டும் இன்ஸ்டால் செய்தோம். முக்கால் மணி நேரத்தில் கம்ப்யூட்டர் பழையபடி ஓடத் தொடங்கியது. செலவு ஒரு ரூபாய் கூட இல்லை.

சர்வீஸ் ஆளை நான் குறை சொல்ல மாட்டேன். “படம் வரவில்லை” என்று போனில் சொன்னால் யாரும் கார்டைத்தான் சந்தேகிப்பார்கள். ஆசிரியர் பார்த்ததை முழுவதும் சொல்லவில்லை. ஏனென்றால், அதற்கு ஓர் அர்த்தம் உண்டு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. கம்ப்யூட்டர் வாங்கிய ஒவ்வொருவரும், ஸ்விட்ச் போட்டது முதல் விண்டோஸ் வரும் வரை உள்ள அந்தச் சில விநாடிகளை உற்றுப் பார்க்கப் பழக வேண்டும் என்பது என் கருத்து. அந்தப் பழக்கம் ஆயிரக்கணக்கான ரூபாயை மிச்சப்படுத்தும். ஏன் என்று பார்ப்போம்.

அந்தப் பெயரை வரைந்தது யார்?

“டிரைவர் இருந்தால்தான் கிராபிக்ஸ் கார்டு வேலை செய்யும்” என்று நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். டிரைவர் என்பது ஹார்ட் டிஸ்க்கில் அல்லது எஸ்.எஸ்.டி.யில் உள்ள ஒரு ஃபைல். அதை எடுத்து இயக்குவது விண்டோஸ். ஆனால் ஸ்விட்ச் போட்ட இரண்டாவது விநாடியில் விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. அப்படியானால் திரையில் கம்பெனி பெயர் எப்படி வந்தது?

கிராபிக்ஸ் கார்டிலேயே ஒரு சிறிய மெமரி சிப் இருக்கிறது. மின்சாரம் போனாலும் அதில் எழுதியது அழியாது. அதற்குள் ஒரு சிறிய புரோகிராம் எழுதப்பட்டிருக்கும். இதைத்தான் வீடியோ பயாஸ் என்றும், கார்டின் ஃபர்ம்வேர் என்றும் சொல்கிறார்கள். தனியாகக் கார்டு இல்லாமல் ப்ராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் கம்ப்யூட்டர்களில், இதே புரோகிராம் மதர்போர்டின் பயாஸ் சிப்புக்குள் இருக்கும்.

கடை முதலாளி வருவதற்கு முன்பே வந்து, ஷட்டரைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, விளக்கைப் போட்டு வைக்கும் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையன்தான் ஃபர்ம்வேர். பிறகு வந்து வியாபாரத்தைக் கவனிக்கும் முதலாளி டிரைவர். கடை திறந்து, விளக்கும் எரிகிறது, ஆனால் வியாபாரம் நடக்கவில்லை என்றால் முதலில் முதலாளி வந்தாரா என்று பார்ப்போமா, கட்டடத்தையே இடிப்போமா?

இந்த ஏற்பாடு எப்படி வந்தது?

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் பி.சி.யை வெளியிட்டபோது அதற்கு இரண்டு வகை டிஸ்பிளே கார்டுகள்தான் இருந்தன. இரண்டையும் எப்படித் தயார் செய்வது என்பது மதர்போர்டின் பயாஸிலேயே எழுதப்பட்டிருந்தது. புதிய வகைக் கார்டு வந்தால், அது பிறப்பதற்கு முன் எழுதிய பயாஸுக்கு அதைப் பற்றி என்ன தெரியும்?

1984-இல் வந்த இ.ஜி.ஏ. கார்டு இதற்கு வழி கண்டது. தன்னை இயக்கும் புரோகிராமைத் தன் மேலேயே ஒரு ரோம் சிப்பில், அதாவது படிக்க மட்டும் முடிகிற சிப்பில், சுமந்துகொண்டு வந்தது. ஸ்விட்ச் போட்டதும் மதர்போர்டின் பயாஸ், சி0000 என்ற மெமரி முகவரியிலிருந்து 2 கிலோபைட்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். 55, ஏஏ என்ற இரண்டு எண்கள் அடுத்தடுத்து இருந்தால், அங்கே ஒரு கார்டின் புரோகிராம் இருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது எண் அந்தப் புரோகிராமின் நீளத்தைச் சொல்லும். எல்லா எண்களையும் கூட்டிப் பார்த்து, கெட்டுப்போகவில்லை என்று தெரிந்ததும், “இனி நீ பார்த்துக்கொள்” என்று அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கும். 1987-இல் வி.ஜி.ஏ. வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ கார்டுகள் வந்தன. முறை மட்டும் பல ஆண்டுகளுக்கு இதுவே.

2012-இல் விண்டோஸ் 8 வந்த சமயத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய வகை பயாஸ் பரவியது. அதில் இந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு ஜி.ஓ.பி. என்று பெயர். பழைய முறை எழுத்துகளைக் காட்டவும் 640 x 480 போன்ற சிறிய அளவுப் படத்துக்கும் போதுமானதாக இருந்தது. ஜி.ஓ.பி. மானிட்டரின் முழு அளவிலேயே படம் காட்டக்கூடியது. நீங்கள் பார்க்கும் கம்பெனி லோகோ மதர்போர்டில் சேமித்து வைத்த படம். அதன் கீழே சுற்றும் புள்ளிகள் விண்டோஸ் வரைவது. ஆனால் இரண்டும் திரைக்கு வருவது, ஃபர்ம்வேர் திறந்து வைத்த வழியாகத்தான். டிரைவர் அந்த நேரத்தில் வந்திருக்காது.

ஒரு விநாடியில் எத்தனை வேலை!

மின்சாரம் வந்தவுடன் கிராபிக்ஸ் சிப்புக்கு எதுவும் தெரியாது. தன்னோடு இணைந்திருக்கும் மெமரி எந்த வகை, எந்த வேகத்தில் ஓடவேண்டும் என்பதுகூடத் தெரியாது. ஃபர்ம்வேர்தான் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்கிறது.

முதலில் சிப்பின் கடிகார வேகத்தை அமைக்கிறது. அடுத்து கார்டில் உள்ள மெமரி சிப்களைத் தயார் செய்கிறது. ஒரே மாடல் கார்டில் ஒரு மாதம் சாம்சங் மெமரியும், அடுத்த மாதம் ஹைனிக்ஸ் மெமரியும் வரலாம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை இடைவெளியில் தகவலை எடுக்க வேண்டும், கொடுக்க வேண்டும் என்ற பட்டியல் ஃபர்ம்வேரில் இருக்கிறது. விசிறியின் வேகத்தையும் அதுவே கட்டுப்படுத்துகிறது. பல கார்டுகளில் ஸ்விட்ச் போட்டதும் விசிறி ‘விர்’ரென்று சுற்றிப் பிறகு அடங்குவதைக் கவனித்திருப்பீர்கள்.

பிறகு மானிட்டரை விசாரிக்கிறது. உங்கள் மானிட்டருக்குள்ளும் ஒரு சிறிய சிப் இருக்கிறது. அதில் குறைந்தது 128 பைட் அளவுக்கு ஒரு ‘ஜாதகம்’ எழுதியிருக்கும். யார் தயாரித்தது, எந்த அளவுப் படத்தை ஏற்கும் என்ற விவரமெல்லாம் அதில் உண்டு. கேபிளில் உள்ள தனி ஒயர்கள் வழியாக இதைப் படித்து, அதற்கு ஏற்ற படத்தை அனுப்புகிறது. கேபிள் மோசமாக இருந்தால் இந்த விசாரணையே தவறாகிவிடும்.

டிரைவர் வந்ததும் ஃபர்ம்வேரின் வேலை முடிந்துவிடுகிறதா என்றால், அதுவும் இல்லை. ஏ.எம்.டி. கார்டுகளின் ஃபர்ம்வேரில் சிப்பைத் துவக்குவதற்கான கட்டளைகள் சிறு சிறு பட்டியல்களாக இருக்கின்றன. லினக்ஸில் உள்ள ஏ.எம்.டி. டிரைவர், தேவைப்படும்போது அந்தப் பட்டியல்களையே எடுத்துப் படித்து இயக்குகிறது. முதலாளி வந்த பிறகும், எந்தப் பொருள் எந்த அலமாரியில் என்று கடைப் பையனைத்தான் கேட்கிறார்!

உங்கள் கண்ணே சோதனைக் கருவி

இவ்வளவும் தெரிந்த பிறகு, படம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்தே கோளாறை ஓரளவு ஊகிக்கலாம். மூன்று நிலைகள் உள்ளன.

முதல் நிலை: லோகோவே வரவில்லை. மானிட்டர் ‘நோ சிக்னல்’ என்கிறது. முதலில் கேபிளைப் பாருங்கள். தனிக் கார்டு இருக்கும்போது கேபிளை மதர்போர்டின் சாக்கெட்டில் செருகுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. கார்டுக்குத் தனியாக மின்சாரம் தரும் ஒயர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். ராம் மெமரி சரியாக உட்காரவில்லை என்றாலும் இதே நிலைதான். பல பழைய மதர்போர்டுகளில் நீளமாக ஒரு பீப், குட்டையாக இரண்டு பீப் வந்தால் டிஸ்பிளே கோளாறு என்று பொருள். புதிய போர்டுகள் பலவற்றில் இதற்கென்று ஒரு சிறிய விளக்கே இருக்கிறது. இவையெல்லாம் சரி என்றால் மட்டும் கார்டைச் சந்தேகியுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. 2012-க்கு முன் வந்த பழைய கார்டுகள் பலவற்றில் ஜி.ஓ.பி. கிடையாது. அதைப் புதிய மதர்போர்டில் போட்டால், கார்டு நன்றாக இருந்தும் லோகோ தெரியாமல் போகலாம்.

இரண்டாம் நிலை: லோகோ வருகிறது, ஆனால் கலர் புள்ளிகளும் கோடுகளுமாக வருகிறது. டிரைவர் இன்னும் வரவே இல்லையே! எனவே டிரைவரை மாற்றுவதும், விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்வதும் வீண் வேலை. வேறு கேபிள், வேறு மானிட்டர் போட்டுப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் கார்டின் மெமரியோ சிப்போ பழுதாகியிருக்கிறது.

மூன்றாம் நிலை: லோகோ சுத்தமாக வருகிறது, புள்ளிகள் சுற்றுகின்றன, பிறகு இருட்டு. ஆசிரியர் வீட்டில் நடந்தது இதுதான். இங்கே முதல் சந்தேகம் டிரைவர் மேல். முதலில் விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது கிராபிக்ஸ் டிரைவரை மீண்டும் துவக்கும். பலன் இல்லை என்றால், புள்ளிகள் சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்து, 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு. பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெகவரி கீ கேட்கும்; அதை முன்பே எழுதி வைத்திருங்கள்.

சேஃப் மோடில் கார்டு நிறுவனத்தின் டிரைவர் இயங்காது. விண்டோஸ் தன்னிடம் உள்ள எளிய டிரைவரை வைத்து, ஃபர்ம்வேர் போட்டுக் கொடுத்த வழியிலேயே படம் காட்டும். எனவேதான் அங்கே படம் வருகிறது.

இது கணக்குப் போல் நூற்றுக்கு நூறு சரியாக வரும் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபர்ம்வேர் கார்டின் சிறு பகுதியைத்தான் வேலை வாங்குகிறது. முழு பலத்தையும் கேட்பது டிரைவர்தான். எனவே சுத்தமாக டிரைவர் போட்ட பிறகும் இருட்டாகிறது, அல்லது கேம் ஆடும்போது மட்டும் நின்றுவிடுகிறது என்றால் சூடு, எஸ்.எம்.பி.எஸ்., கடைசியாகக் கார்டு என்று சந்தேகத்தை நகர்த்துங்கள். முதலிலேயே கார்டுக்குத் தாவாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

பழைய கார்டு வாங்குகிறீர்களா?

ஃபர்ம்வேரைப் பற்றித் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. கார்டின் பெயர் என்ன என்று விண்டோஸுக்குச் சொல்வதில் ஃபர்ம்வேருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதை மாற்றி எழுதினால் கார்டு பொய் சொல்லும்.

2010-இல் வந்த ஜி.டி.எஸ். 450 போன்ற பழைய கார்டுகளின் ஃபர்ம்வேரை மாற்றி, ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ என்ற பெயரில் விற்றவர்கள் உண்டு. வாங்கியவர் கம்ப்யூட்டரில் போட்டால் டிவைஸ் மேனேஜரும் அந்தப் பொய்ப் பெயரையே காட்டும். நிறுவனத்தின் உண்மையான டிரைவரைப் போட்டவுடன்தான் சாயம் வெளுக்கும். ஜி.பி.யு.-இசட் என்ற இலவச புரோகிராம் 2018 முதல் இத்தகைய போலிகளைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. இன்னொரு அடையாளம்: 1050 டிஐ சிப்பில் பழைய நீல நிற வி.ஜி.ஏ. சாக்கெட்டுக்கான வசதியே கிடையாது. அந்தப் பெயரில் வரும் கார்டில் அந்த சாக்கெட் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

2022 செப்டம்பரில் எதேரியம் நாணயத்துக்கு கிராபிக்ஸ் கார்டுகள் தேவையில்லாமல் போனதும், இரவு பகலாக அந்த வேலையில் ஓடிய கார்டுகள் விற்பனைக்கு வந்தன. அந்தக் கார்டுகளில் பலவற்றில், குறிப்பாக ரேடியான் ஆர்.எக்ஸ். 570, 580 வகையில், மெமரி பட்டியலை மாற்றி எழுதியிருந்தார்கள். இப்படி மாற்றிய ஃபர்ம்வேர் உள்ள கார்டில் லோகோ ஒழுங்காக வரும். ஆனால் ஏ.எம்.டி. டிரைவர் அதை ஏற்காமல், டிவைஸ் மேனேஜரில் ‘கோட் 43’ என்ற பிழை வரலாம். இந்தப் பிழைக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், பழைய கார்டில் வந்தால் ஃபர்ம்வேரையும் நினைத்துப் பாருங்கள்.

எனவே பழைய கார்டு வாங்கும்போது “ஆன் ஆகிறது பாருங்கள்” என்று லோகோவைக் காட்டினால் பணத்தை எடுத்துவிடாதீர்கள். லோகோ ஃபர்ம்வேருக்கு மட்டுமே சாட்சி. நிறுவனத்தின் டிரைவரைப் போட்டு, அரை மணி நேரம் ஒரு கேமை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

நீங்களே மாற்றி எழுதலாமா?

வேண்டாம் என்பேன். 2010 டிசம்பரில் ரேடியான் எச்.டி. 6950 கார்டு வந்தபோது, ஃபர்ம்வேரை மட்டும் மாற்றி அதை விலை அதிகமான 6970 ஆக்கிக்கொண்டவர்கள் பலர். அந்தக் கார்டில் இரண்டு ஃபர்ம்வேர்களும், மாற்றிக்கொள்ள ஒரு சின்ன ஸ்விட்சும் இருந்தன. ஒன்று கெட்டால் மற்றதை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். எல்லாக் கார்டுகளிலும் இந்த வசதி இல்லை. எழுதும்போது பாதியில் கரண்ட் போனால், படம் காட்டவே தெரியாத கார்டு கையில் நிற்கும். நன்றாக ஓடும் கார்டில் கை வைக்காதீர்கள். உங்கள் கார்டில் உள்ள ஒரு குறிப்பிட்ட குறைக்காக நிறுவனமே புதிய ஃபர்ம்வேர் தந்தால், யு.பி.எஸ். போட்டு, பழையதை ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு செய்யலாம்.

“இதெல்லாம் மெக்கானிக் வேலை, வீட்டில் உபயோகிப்பவருக்கு எதற்கு?” என்று சிலர் கேட்பார்கள். டாக்டரிடம் போனால், காய்ச்சல் காலையில் வருகிறதா ராத்திரியில் வருகிறதா என்று கேட்கிறார். அதைச் சொல்ல நாம் மருத்துவம் படிக்க வேண்டியதில்லை. கவனித்திருந்தால் போதும்.

கவனிக்கவும் விடாமல் செய்வதுதான் இன்றைய கம்ப்யூட்டர்களில் என் வருத்தம். வேகமாகத் துவங்க வேண்டும் என்பதற்காக, மானிட்டர் கண் விழிப்பதற்குள் லோகோ வந்து மறைந்துவிடுகிறது. பயாஸ் செட்டப்பில் ஃபாஸ்ட் பூட் என்பதை டிஸேபிள் செய்தால் சில விநாடிகள் கூடுதலாகும். அந்தச் சில விநாடிகள் நமக்குப் பயன்படும். கார்டு தயாரிப்பவர்களும் ஒவ்வொரு மாடலின் அசல் ஃபர்ம்வேரையும் தங்கள் தளத்தில் வைக்க வேண்டும். பழைய கார்டு வாங்கி ஏமாந்தவருக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.

அதுவரை நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை ஸ்விட்ச் போட்டு, திரையில் என்னென்ன எந்த வரிசையில் வருகிறது என்று பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். செல்போனில் வீடியோ எடுத்து வைத்தாலும் சரி. பிறகு ஒரு நாள் இருட்டானால், “படம் வரவில்லை” என்று சொல்லாதீர்கள். “எது வரை வந்தது” என்று சொல்லுங்கள். எங்கள் ஆசிரியர் இப்போது அப்படித்தான் சொல்கிறார்.